பெருநாள் காலையில் நோன்பு

1983ஆம் ஆண்டு செப்டம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை, ஹஜ்ஜுப் பெருநாள். ஆண்கள் தொழுகை முடித்துப் பள்ளிவாசலிலிருந்து திரும்பியிருந்தனர். திருமலைராயன்பட்டினத்தில் எங்கள் வீட்டு உள்ளறையில், என் கணவரின் தங்கை மெஹர் பானு இடியாப்பமும் குருமாவும் கொண்டுவந்து என் முன் வைத்தாள். நான் "நோன்பு" என்று சொல்லித் தட்டைத் தள்ளினேன்.

என் கணவர் ஜெகபர் சாதிக் அவ்வாண்டு பிப்ரவரியில் மாரடைப்பால் இறந்தார். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தாவை நான் முறைப்படி நிறைவேற்றினேன். அது முடியும் தறுவாயில் ரமலான் பிறந்தது. எல்லாரோடும் நோன்பு நோற்றேன். ரமலானும் முடிந்தது. எனக்குப் பசி திரும்பவில்லை. அறையை விட்டு வெளியே வரவும் மனம் இல்லை. பகலில் யார் உணவு கொண்டுவந்தாலும் நோன்பு என்று சொல்லிவிடுவேன். அந்தச் சொல்லுக்குப் பிறகு எவரும் கேள்வி கேட்பதில்லை. "ஜன்னத்துல் பிர்தௌஸு மாதிரி பொறுமைசாலி இந்த ஊருலயே இல்லை" என்று தெருப் பெண்கள் என்னைப் பற்றி வாசலில் பேசிக்கொள்வது உள்ளே கேட்கும்.

உள்ளே இருந்தது பொறுமை அன்று. விடியுமுன்பே விழித்துக்கொள்வேன், காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கும். தொழுகையில் எத்தனையாவது ரக்அத்தில், எந்தச் சுற்றில், நிற்கிறேன் என்பது மறந்துவிடும். அழுகைகூட வரவில்லை. இனி எழாமலிருந்தால் நன்று என்று எண்ணிக்கொண்டே படுப்பேன். இது நோய் என்று எனக்குத் தோன்றவில்லை. ஈமானில், என் இறைநம்பிக்கையில், நேர்ந்த குறை என்று கருதி மறைத்துவந்தேன்.

மெஹர் பானு தட்டை எடுக்கவில்லை.

"மச்சி, இன்னைக்கு என்ன நாளு?"

அண்ணன் மனைவியை மச்சி என்று அழைப்பது எங்கள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை என்றேன்.

"பெருநாளு, மச்சி. இன்னைக்கு நோன்பு வைக்கிறது ஹராமுன்னு எனக்கு ஓதிக்கொடுத்ததே நீங்கதான்."

உண்மைதான். எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் பலரும் என்னிடம் குர்ஆன் ஓதக் கற்றவர்கள். ஓர் எழுத்தின் ஒலி பிசகினாலும் முதலிலிருந்து ஓதச்சொல்லுவேன். மார்க்கச் சட்டத்தில் நான் பிழைபட்டதாக எவரும் சொன்னதில்லை. அதனால்தான் அவள் என் எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

"வேற யாராச்சும்னா மறதின்னு விட்டுடுவேன். நீங்க நோன்பும் வைக்கலை, சாப்பிடவும் இல்லை. என்ன செய்யுது உங்களுக்கு?"

"எனக்கு இருக்கவே பிடிக்கலை, பானு" என்றேன். அதுவரை நான் எவரிடமும் சொல்லாதது அது.

அவள் அறிவுரை கூறவில்லை. இடியாப்பத்தைப் பிசைந்து ஒரு வாய் ஊட்டினாள். பெருநாள் விருந்துக்குத் தன் மாமியார் வீட்டிலிருந்து ஆள் வந்தபோது, வரவில்லை என்று சொல்லியனுப்பினாள். அன்று முழுவதும் என்னைத் தனியே விடவில்லை.

மறுநாள் காரைக்காலிலிருந்து டாக்டர் சிதம்பரநாதனை அழைத்துவந்தாள். உறக்கம், பசி, படபடப்பு பற்றியெல்லாம் அவர் விசாரித்தார். உயிரோடிருக்க விருப்பம் இல்லையா என்பதையும் தயங்காமல் கேட்டார். நான் மறைக்காமல் விடையளித்தேன்.

"அம்மா, இது வெறும் துக்கம் இல்லைங்க. மனச்சோர்வுன்னு ஒரு நோய், கூடவே பதற்றமும் இருக்கு. வைத்தியம் செஞ்சா குணமாகும்" என்றவர், புதுச்சேரியில் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்.

என் மூத்த சகோதரர் மன்சூர் அலி நானா இதற்கு இசையவில்லை. அவர் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். குடும்பத்தில் பைத்தியம் என்று பேச்சு எழும் என அஞ்சினார். நாகூர் தர்காவில் சில நாள் தங்கினால் போதும் என்றார்.

"நாகூருக்கும் போவோம், நானா. துஆவும் கேப்போம். உங்க சக்கரைக்கு மட்டும் எதுக்கு மாத்திரை? அதையும் ஓதி ஊதிக்கிட்டு விட்டுடுங்களேன்" என்றாள் மெஹர் பானு.

நானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க இருமினார். பிறகு என் விருப்பத்தைக் கேட்டார். போகலாம் என்றேன். அந்த வாரமே வாடகைக் கார் பேசி எங்களை அழைத்துச்சென்றவரும் அவரே.

புதுச்சேரி மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்றும், அதுவரை கைவிடக் கூடாது என்றும் எச்சரித்தார். முதலில் நா வறண்டதே தவிர வேறு மாற்றம் இல்லை. வேண்டாம் என்று நான் சொன்ன நாள்களிலும் மெஹர் பானு தண்ணீரும் மாத்திரையுமாக வந்து நின்றாள்.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள், பள்ளிவாசலில் அதிகாலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை உறங்கினேன். பகலில் பசித்தது. மீன் குழம்பில் உப்புக் கூடுதல், புளி கரைத்த முறையும் சரியில்லை என்று மெஹர் பானுவைக் கண்டித்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழத் தொடங்கினாள்.

"திட்டுங்க மச்சி. இன்னும் நல்லாத் திட்டுங்க."

அல்லாஹ்வுக்கே புகழனைத்தும். அவனுக்கு அடுத்தபடியாக நான் கடன்பட்டிருப்பது, எல்லாரும் என்னைப் புகழ்ந்துகொண்டிருந்த வேளையில் என்னை ஐயுற்ற அந்தப் பெண்ணுக்குத்தான். அந்த ஒரு கேள்வியை அவள் கேட்டிராவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

டிசம்பரில் மருத்துவரை மீண்டும் பார்த்துத் திரும்பிய பின், குடும்பமாக அமர்ந்து முடிவுசெய்தோம். மருத்துவர் சொல்லும்வரை மாத்திரையை நிறுத்துவதில்லை. மெஹர் பானு, அவள் கணவர் நூகு குவைத்திலிருந்து திரும்பும்வரை என்னுடன் தங்குவாள். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பதைக் காலை வேளையில் மட்டும் நான் மீண்டும் தொடங்குவேன். புதுச்சேரிக்கு எதற்குப் போய்வருகிறீர்கள் என்று கேட்பவர்களிடம், மனச்சோர்வுக்கு வைத்தியம் செய்துகொள்கிறேன் என்று நானே சொல்வேன். மன்சூர் அலி நானாவும் இதற்குச் சம்மதித்தார்.