கொத்தனாரின் விரல்கள்

ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் எனக்கு வேலை. வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளைப் பிரித்து, எது எந்த மெஷினுக்கு என்று ஒதுக்கிப் போடுவேன். வாந்தி, ரத்தம், சீழ், வாய்விட்டுச் சொல்லக் கூசும் மற்ற கர்மங்கள் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு நாளும் எனக்குக் குமட்டியதில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து மதியச் சாப்பாட்டை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவேன். ஆனால் என் நாத்தனார் புருஷன் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் போதும், வயிற்றைப் புரட்டும்.

அவரை எல்லாரும் ஃபைல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் ஒரு மேசை போட்டிருக்கிறார். வக்கீல் இல்லை, வக்கீல் வீட்டு வாசலைக்கூட மிதித்தவர் இல்லை. ஆனால் விசா என்றாலும், குடும்பத்தைக் கூப்பிடுவது என்றாலும் எங்கள் ஆட்கள் முதலில் அவரிடம்தான் ஓடுவார்கள். வக்கீலிடம் போனால் ஆயிரம் கேள்வி கேட்பார். இவர் எதையும் கேட்கமாட்டார், பதிலைத் தானே எழுதிக்கொள்வார். முறைக்கு எனக்கு அண்ணன். அண்ணனாம், த்தூ!

என் வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டும் கொத்தனார். கல்யாணத்துக்கு முன்னால், நான் இப்போது பிழைக்க வந்திருக்கும் இதே நாட்டில், விசா முடிந்த பிறகும் ஒளிந்து ஒளிந்து பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர். ஒரு கட்டடத்தில் பிடித்து, விரல் பத்தையும் மெஷினில் பதிந்துகொண்டு, விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெண் பார்க்க வந்தபோது அதை அவரே சொன்னார். "பின்னாடி யாராவது சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம்" என்றார். இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிற மனுஷன் என்றுதான் கழுத்தை நீட்டினேன்.

திருப்பி அனுப்பிய பிறகுதான் ஊரில் அவர் கொத்து வேலைக்குப் போனார். டைல்ஸ் இடுக்கில் வெள்ளை சிமெண்டைக் கரண்டியால் பூசினால் அவருக்குத் திருப்தி வராது. விரலாலேயே அழுத்தித் தேய்ப்பார். கையுறை போட்டால் மேடு பள்ளம் தெரியாது என்பார். அந்த வேலை செய்கிற எல்லாருக்குமே அப்படித்தான், விரல் நுனியைச் சிமெண்ட் தின்றுவிடும். வேலை இடத்தில் வருகைப் பதிவுக்கு வைத்திருந்த ரேகை மெஷின் கொத்தனார்களில் ஒருவரையும் ஏற்றுக்கொள்ளாதாம். மேஸ்திரி கையால் எழுதித்தான் ஆளைக் கணக்கில் சேர்ப்பாராம்.

இதற்கிடையில் எனக்கு இங்கே வேலை கிடைத்து, நிரந்தரமாக இருக்க அனுமதியும் கிடைத்தது. மகளை அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்பா என்றால் போனில் பேசுகிற ஒரு முகம் என்றே அவள் வளர்ந்தாள். கடைசியில் ஃபைல்காரர் புண்ணியத்தில் அவருக்குச் சுற்றிப் பார்க்கிற விசா கிடைத்தது. விமான நிலையத்தில் அவர் விரலை வைத்தால் மெஷின் முழித்திருக்கிறது. துடைத்து வை என்றார்களாம், அழுத்தி வை என்றார்களாம். வரிசை நீண்டுகொண்டே போக, அதிகாரி சலித்துப்போய் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். எங்கள் தலையெழுத்து அங்கேயே கோணலாகிப்போனது.

நிரந்தர அனுமதிக்கு எழுதிப் போட ஃபைல்காரர் வீட்டுக்கு வந்தார். இந்த நாட்டிலிருந்து எப்போதாவது வெளியேற்றப்பட்டீர்களா என்று ஒரு கேள்வி இருந்தது.

"இதுக்கு ஆமான்னு போடுங்கண்ணே" என்றேன்.

"போட்டுட்டு? அப்புறம் பெட்டியக் கட்ட வேண்டியதுதான்." பல்லைக் குத்திய குச்சியை என் சாப்பாட்டு மேசையிலேயே வைத்தார்.

"அப்படி இல்லையாம். திருப்பி அனுப்பினவங்க குறிப்பிட்ட வருஷம் வரைக்கும் வரக் கூடாதாம். அது முடிஞ்சிருந்தா, உண்மையச் சொல்லி மன்னிப்புக் கேட்டு எழுதலாமாம். என்கூட வேல பாக்கற அக்கா சொன்னாங்க."

"ஓ! துணி தொவைக்கிற எடத்துல இப்ப சட்டமும் தொவைக்கிறாங்களா?" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என் வீட்டுக்காரரும் கூடச் சிரித்தார். அதுதான் எனக்கு எரிந்தது.

"அவங்ககிட்ட கைரேகை இருக்குண்ணே!"

"எந்தக் கைரேகை? மாப்ள, கையக் காட்டு." விளக்குக்கு நேராக என் வீட்டுக்காரர் விரல்களைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். வெடிப்புதான் இருந்தது. மற்றபடி கரண்டியின் பின்பக்கம் மாதிரி வழவழவென்று இருந்தது. "பாத்துக்கோ. ஏர்போர்ட் மெஷினே இவன்கிட்ட தோத்துப் போச்சு. ரேகையே இல்லாதவன யாரு கண்டுபிடிக்கறது?"

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"விடும்மா" என்றார் என் வீட்டுக்காரர். "மச்சான் எத்தன பேருக்குப் பண்ணியிருக்காரு. நாம புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்க வேண்டாம்." சொல்லிவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். பெண் பார்க்க வந்த அன்று உண்மையைச் சொன்ன அதே வாய்.

பதில் வரும்வரை அவர் வேலைக்குப் போகக் கூடாது என்பது சட்டம். ஃபைல்காரர் தன் குளியலறைக்கு டைல்ஸ் மாற்ற அவரைச் சும்மா கூப்பிட்டார். "வீட்டுக்குள்ள நடக்கறது யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். நான் ஒரேயடியாக மறுத்துவிட்டேன். நாத்தனார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

வீட்டில் இருந்தவர் சமைத்தார், மகளைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார், அவளுக்குத் தலை பின்னிவிட்டார். விரல் வெடிப்பில் முடி சிக்கிக்கொள்ளும். "ஐயோ, அப்பா கை முள்ளு!" என்று அவள் கத்துவாள். அவர் முகம் சுருங்கிப்போகும். அதைப் பார்க்கப் பொறுக்காமல் தினமும் சாயங்காலம் அவர் கைகளை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துவிட்டேன். வெடிப்பு மூடியது, தோல் புதிதாக வந்தது. பின்னல் சிக்காமல் வந்த அன்று மகள் கண்ணாடி முன்னால் ஆடு ஆடு என்று ஆடினாள்.

அப்புறம் ஒரு நாள் விளையாட்டாக அப்பாவின் கட்டைவிரலைத் தன் போனில் பதிந்து பார்த்தாள். திறந்துகொண்டது! "இந்த வெரலையும் ஒரு ஆளா மதிச்சிருச்சுடீ!" என்று அவர் அதைப் பூட்டிப் பூட்டித் திறந்தார். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நடு வீட்டில் நின்று ஒப்பாரி வைத்திருக்க வேண்டிய நாள் அது. மூளை இருந்தால்தானே!

நிரந்தர அனுமதிக்காக ரேகை பதியக் கூப்பிட்டார்கள். கவுண்டரில் இருந்த பெண் கையைத் துடைக்கச் சொன்னாள். வைத்தார். முதல் தடவையிலேயே பச்சை விளக்கு எரிந்தது. அடுத்த கை, அதற்கும் பச்சை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் கைகளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே வந்தார்.

மறுபடி கூப்பிட்டபோதும் நான் உடன் போனேன். ஜன்னல் இல்லாத அறை. அதிகாரி கத்தவில்லை, மேசையைத் தட்டவில்லை. தட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் சொன்னதைப் பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"முன்னாடி பதிஞ்ச ரேகையோட இது ஒத்துப் போச்சு. ஆனா தடை பழசுக்காக இல்ல. உங்க தடைக்காலம் நீங்க இங்க வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு. சொல்லியிருந்தா மனைவி இருக்காங்க, குழந்த இருக்குன்னு பாத்து, கொடுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. பொய் சொன்னதாலதான் இப்ப நிரந்தரத் தடை."

"நிரந்தரம்னா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"இனிமே எப்பவும் இல்லைங்க" என்றார் மொழிபெயர்ப்பாளர். அதைச் சொல்லும்போது அவர் எங்கள் இருவரையுமே பார்க்கவில்லை.

அங்கிருந்தே என் வீட்டுக்காரரைக் காவலில் வைக்கக் கொண்டுபோய்விட்டார்கள். அவருடைய சட்டைகளைப் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். மகளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் அவளுக்குத் தலை பின்னிவிட்டேன். கோணலாக வந்தது. அவள் அதோடேயே பள்ளிக்குப் போனாள்.

விமானம் ஏற்றிய பிறகு துக்கம் விசாரிக்க வந்ததுபோல ஃபைல்காரரும் நாத்தனாரும் வந்தார்கள். வந்தவர்களுக்குக் காபி கொடுத்தேன், என் கையை உடைக்க! ஒரு வாய் உறிஞ்சிவிட்டு ஆரம்பித்தார்.

"நான் போட்டுக் குடுத்த கணக்கு சரிதாம்மா. கெடுத்தது யாரு? அவன் கைக்கு எண்ணெ தேய்க்கச் சொல்லி உன்ன யாரு கேட்டா?"

"என்னது?"

"என் பாத்ரூம்ல ஒரு மாசம் வேல பாத்திருந்தான்னா வெரலு அப்படியே இருந்திருக்கும். நீதான் சட்டம் பேசின."

நாத்தனார் தலையை ஆட்டினாள். "தம்பி கைய மடியில வச்சுக் கொஞ்சிக்கிட்டு இருந்தா இப்படித்தான்."

நோயாளிகள் கழித்த துணியை வெறுங்கையால் அள்ளியிருக்கிறேன், அப்போதுகூட உடம்பு இப்படிக் கூசியதில்லை. "எந்திரிங்க" என்றேன். "ரெண்டு பேரும் எந்திரிங்க. இந்த வாசப்படிய இனி மிதிச்சீங்க, நடக்கறதே வேற."

"நல்லது சொல்ல வந்தா..." என்று முனகிக்கொண்டே போனார்கள். அவர் வாய் வைத்த டம்ளரை நான் கழுவவில்லை. குப்பையில் போட்டேன். அவர் உட்கார்ந்த நாற்காலியைத் துடைத்தேன். துடைத்தும் வாடை போகவில்லை.

அதோடு அந்த ஆளைத் தலைமுழுகிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

போன வாரம் வேலை இடைவேளையில் என் வீட்டுக்காரர் போன் செய்தார். குரலில் ஒரு உற்சாகம். மறுபடி டைல்ஸ் வேலைக்குப் போகிறாராம்.

"கையுறை போட்டுக்கறீங்கதானே?"

"இல்ல, வேணும்னேதான் போடல. சிமெண்டையும் கையாலயே கொழைக்கறேன். மச்சான் பேசினாரு. வேற பேர்ல பாஸ்போர்ட்டுக்கு வழி இருக்காம். வெரலு மட்டும் பழையபடி ஆயிட்டாப் போதுமாம்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "உங்களுக்குப் புத்தியே வராதா? அந்த ஆளுதான நம்மள நடுத்தெருவுல நிறுத்தினான்? மறுபடியும் அவன் பேச்சா? சீ! வெக்கமா இல்ல?"

அந்தப் பக்கம் பின்னால் யாரோ டைல்ஸ் அறுக்கும் மெஷின் கிறீச்சிட்டது.

"வெக்கம்லாம் இருக்கும்மா" என்றார். "பாப்பாவுக்கு இப்ப யாரு பின்னி விடறா?"

போனை வைத்ததும் ஒரு படம் அனுப்பினார். விரித்த இரண்டு கைகள். நுனித்தோல் உரிந்து, சில இடங்களில் செக்கச்செவேலென்று சதை தெரிந்தது. அவரைத் திட்டி ஒரு குரல் பதிவு போட வேண்டும் என்றுதான் போனைத் தூக்கினேன். சத்தியமாக அதற்குத்தான் தூக்கினேன். ஆனால் என் விரல் அந்தப் படத்தைப் பெரிதாக்கியது. கட்டைவிரலைப் பார்த்தேன், ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். ஒவ்வொன்றாக, விளிம்பு விளிம்பாகத் தேடினேன். எங்கேயும் ஒரு கோடுகூட இல்லை.

அப்பாடா என்றிருந்தது எனக்கு.

பக்கத்தில் வார்டு மூட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. போனை அதன் மேலேயே போட்டுவிட்டுக் கழிவறைக்கு ஓடினேன். இந்த வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாந்தி எடுத்தேன்.