மலைச்சரிவில் ஒரு நீலப் புள்ளி

தேயிலை ஆலையில் பொட்டலம் கட்டும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ரூபினி முகம் கழுவுவாள், தேநீர் கலப்பாள், மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசைமேல் திறந்து வைத்துக்கொள்வாள். வெளியே தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளைப் பனி மூடத் தொடங்கும் நேரத்தில் அவள் வேறெங்காவது இருப்பாள். பாலைவனத்தில் அம்பு விட்டதுபோல் ஓடும் ஒற்றைச் சாலை, கடலோரத்தில் செம்மண் நிறத்துக்கு மாறிய உப்புப் பாத்திகள், கரையில் சாய்ந்து துருப்பிடித்துக் கிடக்கும் கப்பல். எல்லாவற்றையும் வானத்திலிருந்து பார்ப்பாள்.

மகள் உமாதேவி ஈப்போவில் கல்லூரிக்குப் போன புதிதில், தான் தங்கும் விடுதியின் கூரையை மேப்பில் காட்டிவிட்டுப் போனாள். அதோடு பிடித்துக்கொண்ட பழக்கம். நிழலை வைத்து ஒரு மரம் எவ்வளவு உயரம் என்று இப்போது ரூபினியால் சொல்ல முடியும். படம் காலையில் எடுத்ததா மாலையில் எடுத்ததா என்றும் சொல்வாள். ஆலையில் பக்கத்தில் நின்று வேலை செய்யும் யோகேஸ்வரி, "இன்னிக்கு எந்த நாட்டுக்குப் போற?" என்று கேட்பாள். ரூபினியும் சிரித்துக்கொண்டே ஏதாவது ஒரு நாட்டின் பெயரைச் சொல்லிவைப்பாள்.

தன் மலையை மட்டும் அவள் பார்ப்பதில்லை. ஈப்போவையும் பார்ப்பதில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. அவள் கணவன் குகனேஸ்வரன் கியா பார்ம் தோட்டங்களிலிருந்து காய்கறி ஏற்றி, கம்போங் ராஜா வழியாக ஈப்போ சந்தைக்கு ஓட்டிக்கொண்டிருந்தவன். ஏழு வருடத்துக்கு முன் ஒருநாள் லோரியோடு போனவன் திரும்பி வரவில்லை. போலீசில் புகார் கொடுத்தார்கள், தேடினார்கள், ஒரு தடயமும் கிடைக்கவில்லை. சந்தையில் ஒரு கடைக்காரப் பெண்ணோடு அவன் சிரித்துப் பேசியதைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். அந்தப் பெண்ணும் சில மாதத்தில் கடையை விட்டுப் போய்விட்டாளாம். அவ்வளவுதான், ஊருக்கு அது போதும். குகன் ஓடிப்போனவன் ஆனான். ரூபினி கைவிடப்பட்டவள் ஆனாள். கழுத்தில் தாலியைப் பார்த்தால், "இன்னும் யாருக்காகப் போட்டிருக்கா" என்று பின்னால் பேச்சு. கழற்றினாலும் அதே பேச்சு வரும் என்று அவளுக்குத் தெரியும்.

மேப் பழகிய முதல் வாரத்தில் அவள் ஈப்போ சந்தைக்குப் பின்னால் இருக்கும் லோரி நிறுத்தத்தைப் போய்ப் பார்த்தாள். பிறகு தாய்லாந்து எல்லையிலிருந்த ஊர்களைப் பார்த்தாள். குகனின் லோரிபோல் நீலக் கூரை தெரிந்த ஒவ்வொரு லோரியையும் பெரிதாக்கிப் பார்த்தாள். அவையெல்லாம் எப்போதோ எடுத்த படங்கள் என்று தெரிந்தும் கை நிற்கவில்லை. சோறு வடிக்க மறந்து அடுப்பில் தீய்ந்த வாடை வந்தபோதுதான் நிமிர்ந்தாள். தன்னைப் பார்த்துத் தானே பயந்துபோனாள். இனி தூர தேசங்கள் மட்டும்தான் என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டாள்.

அந்த முடிவு இந்தத் தீபாவளி மழையில்தான் உடைந்தது. சிம்பாங் பூலாய் சாலையில் ஓரிடத்தில் மண் சரிந்து பாதை குறுகிவிட்டதாகச் செய்தி வந்தது. உமாதேவி மறுநாள் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் வரவேண்டும். எந்த வளைவு என்று பார்க்கலாமே என்று ரூபினி மேப்பைத் திறந்து, கம்போங் ராஜாவிலிருந்து கீழ்நோக்கிச் சாலையை வளைவு வளைவாகத் தொடர்ந்தாள்.

செய்தியில் சொன்ன இடம் வருவதற்கு முன்னாலேயே வேறொரு சரிவு தெரிந்தது. பழைய சரிவு. போன வருட மழையில் விழுந்திருக்க வேண்டும். கடும்பச்சைக் காட்டின் நடுவே தோல் உரிந்த மாதிரி சிவந்த மண், சாலைக்கு வெகு கீழே ஓடை வரைக்கும் இறங்கியிருந்தது. அதன் அடியில், ஓடை ஓரத்தில், ஒரு நீலப் புள்ளி.

தண்ணீர்த் தொட்டியாக இருக்கும் என்று கடந்து போனாள். போன கை திரும்பி வந்தது. பெரிதாக்கினாள். நீலச் சதுரம், அதன் பின்னால் அதைவிட நீளமாக ஒரு பழுப்புச் செவ்வகம். அளவு பார்த்தாள். ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் கூட, ஒரு லோரியின் நீளம். மண் சரிவதற்கு முந்தைய வருடங்களின் படங்களுக்குப் போனாள். ஒவ்வொன்றிலும் அந்த இடத்தில் மரங்கள்தான் அடர்ந்து நின்றன.

லேப்டாப்பை அப்படியே தூக்கிக்கொண்டு நான்கு வீடு தள்ளி இருந்த இருளப்பன் வீட்டுக்குப் போனாள். இருளப்பன் குகனின் அண்ணன், எஸ்டேட்டில் கங்காணி. தம்பி போன பிறகு யார் கேட்டாலும், "எனக்குக் கூடப்பிறந்தவன் இல்ல" என்று சொல்லி வந்தவர். ரூபினிக்கும் மகளுக்கும் ஒரு குறையும் வைக்காதவரும் அவர்தான். வாசலில் பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா, இதக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தார். கண்ணாடியை எடுத்து வரச்சொல்லி மனைவி மணியம்மாவுக்குக் குரல் கொடுத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"தண்ணி டேங்குதான். தோட்டக்காரனுங்க போட்டிருப்பானுங்க."

"அங்க தோட்டம் ஏது மாமா? சுத்தி காடு. டேங்கா இருந்தா நிழல் வளைஞ்சி விழும். இது நேர்க்கோடா விழுந்திருக்கு."

"ஏன்மா இத இப்ப தோண்டுற?" அவர் குரல் உயர்ந்தது. "போனவன் போயிட்டான். எங்கயோ ஒருத்திகூட நல்லாத்தான் இருப்பான். பொண்ணு வர்ற நேரத்துல இது என்னாத்துக்கு?"

ரூபினி லேப்டாப்பை மூடவில்லை. மணியம்மா கண்ணாடியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அவர் அதைப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது.

"இத மேலேர்ந்து யாரு எடுத்தா?"

"சேட்டலைட்டு மாமா."

"எல்லாரும் பாக்கலாமா?"

"பாக்கலாம்."

"அப்ப இத்தன நாளா அங்கயே இருந்திருக்கு," என்றார்.

காலையில் அவருடைய காரில் போனார்கள். அந்த வளைவில் நின்று பார்த்தால் கீழே பெரணிச் செடிகளும் பனியும்தான். ஓடைச் சத்தம் மட்டும் மேலே வந்தது. இருளப்பன் புதரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் இறங்கினார். மண் வழுக்கியதும் ரூபினி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பிறகு நேராகக் கம்போங் ராஜாவுக்குத் திரும்பி, போலீஸ் நிலையத்தில் லேப்டாப்பைத் திறந்து காட்டினார்கள். மேசையில் இருந்த மலாய்க்காரப் பெண் போலீஸ் முதலில் அவர்களைப் பார்த்தாள், பிறகு படத்தைப் பார்த்தாள், எழுந்து உள்ளே போய் அதிகாரியை அழைத்து வந்தாள்.

தீயணைப்புப் படையினர் கயிறு கட்டி இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. சாலையோரத்தில் ரூபினிக்குப் போட்ட நாற்காலியில் அவள் உட்காரவில்லை. கீழேயிருந்து வாக்கிடாக்கியில் ஒருவர் இலக்கத் தகட்டை எழுத்து எழுத்தாகப் படித்தார். கடைசி எண்ணுக்கு முன்பே இருளப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே ஓட்டுநர் இருக்கையில் எலும்புகள் இருந்தன என்று அந்த அதிகாரி மெதுவாக, மலாயில் சொன்னார். அவரும் நடுத்தர வயதுக்காரர். சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். ரூபினி கேட்டாள், தனக்கே தெரியாத ஒரு குரலில்:

"லோரியில சாமான் இருந்துச்சா?"

அவர் புரியாமல் பார்த்தார். இருளப்பன் எழுந்து மலாயில் விளக்கினார். அதிகாரி கீழே கேட்டுச் சொன்னார். பின்னால் பிளாஸ்டிக் கூடைகள் இருக்கின்றன, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கயிற்றால் கட்டியிருக்கிறது. எல்லாம் காலிக் கூடைகள்.

அப்போதுதான் ரூபினி நாற்காலியில் உட்கார்ந்தாள். சந்தையில் இறக்கிவிட்டுத்தான் கூடைகளை அப்படிக் கட்டுவான். அவன் மலை ஏறி வீட்டுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறான். ஏழு வருடமாக அவனிடம் கேட்பதற்கென்று மனதுக்குள் சேர்த்து வைத்திருந்த கேள்விகளும் ஏச்சும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பாத்திரம் கழுவும்போது ஏசியது, மகள் பெரியவளான அன்று ஏசியது, காய்ச்சலில் படுத்திருந்தபோது ஏசியது. அத்தனையும் இந்தச் சரிவில் கிடந்த ஒருவனிடம்தான் சொல்லியிருக்கிறாள். எங்கோ உயிரோடு இருக்கிறான் என்ற நினைப்பில்தான் அவ்வளவு கோபப்பட முடிந்தது என்பதும் புரிந்தது. இனி கோபத்துக்கும் ஆள் இல்லை.

எலும்புகள் குகனுடையவைதானா என்ற பரிசோதனைக்கு, ஊர் வந்து சேர்ந்த உமாதேவியின் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர வாரங்கள் ஆயின. அந்த வருடம் அவர்கள் வீட்டில் தீபாவளி இல்லை. சின்னப் பெட்டி ஒன்றில் குகன் லைனுக்கு வந்து சேர்ந்த அன்று, ஆலையும் மலையும் திரண்டு வந்தன. புறம் பேசியவர்களும் வந்தார்கள், தலையைக் குனிந்துகொண்டு. இருளப்பன் வாசலிலேயே நின்றார். வந்த ஒவ்வொருவரின் கையையும் பிடித்து, "தம்பி வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்தான்," என்றார். சுடுகாட்டுக்குப் போகும் வரைக்கும், போய் வந்த பிறகும், அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மணியம்மா அவரை உள்ளே அழைத்தும் வரவில்லை.

பதினாறாம் நாள், உறவுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, தாலியை யார் கழற்றுவது என்ற பேச்சு வந்தது. ரூபினி எழுந்து சாமி படத்துக்கு முன்னால் போய், தானே கழற்றி வைத்தாள்.

கல்லூரிக்குத் திரும்பும் முன் உமாதேவி கேட்டாள்: "அம்மா, அப்பா அன்னிக்கு வந்த வழிய எனக்குக் காட்டுறீங்களா?"

இருவரும் மேசையில் அருகருகே உட்கார்ந்தார்கள். ரூபினி ஈப்போ சந்தையிலிருந்து தொடங்கினாள். சிம்பாங் பூலாயைத் தாண்டி, சுண்ணாம்புக் குன்றுகளைத் தாண்டி, மலையேறும் சாலையில் மெல்ல வந்தாள். அந்த வளைவில் நிறுத்தினாள். உமாதேவி வாயைப் பொத்திக்கொண்டு திரையையே பார்த்திருந்தாள். அழட்டும் என்று ரூபினி காத்திருந்தாள். பிறகு மகளின் கையை எடுத்து லேப்டாப்பில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்தாள். இருவருமாக மீதிச் சாலையில் ஏறினார்கள். கம்போங் ராஜா வந்தது. கியா பார்மின் வெள்ளைப் பிளாஸ்டிக் கூரைகள் வந்தன, பிரிஞ்சாங் கடைத்தெரு வந்தது, அதைத் தாண்டித் தேயிலைச் சரிவுகள் வந்தன. எஸ்டேட்டுக்குத் திரும்பும் மண்பாதையில் இறங்கி, லைன் வீடுகளின் தகரக் கூரைகளில் தங்கள் கூரையைக் கண்டுபிடித்து, அங்கே நிறுத்தினார்கள்.