நினைவூட்டுக் கடிதம் வரவில்லை

மார்ச் நான்காம் தேதி காலை, மாநிலத் தலைமைச் செயலகத்தின் மூன்றாம் மாடியில், அரசு மருத்துவமனைகளுக்கு இரும்புக் கட்டில் வாங்குவதற்கான டெண்டர் பிரிக்கப்பட்டது. வெளிநாட்டுக் கம்பெனி முதலிடம். உள்ளூர்ப் பட்டறை இரண்டாமிடம்.

கொள்முதல் பிரிவின் அதிகாரிக்கு அன்று சோறு இறங்கவில்லை. பட்டறையில் ஃபோர்மேன் அவருடைய மச்சான். அரசு ஆர்டர் இல்லாவிட்டால் பட்டறை இல்லை. விலை சற்றுக் கூடினாலும் ஆர்டர் உள்ளூருக்கே என்று மாநிலம் ஒரு விதி வைத்திருந்தது. அந்தக் கம்பெனியின் நாட்டோடு மத்திய அரசு போட்ட வர்த்தக ஒப்பந்தம் அதை அடித்துவிட்டது.

கையெழுத்துக்கு முன்பு மத்திய அரசு கேட்காமல் இல்லை. எந்தெந்தக் கொள்முதலுக்கு விலக்கு வேண்டும், ஒரு மாதத்தில் சொல்லுங்கள், பதில் வராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று கொள்ளப்படும் என்று எழுதியிருந்தது. ஆனால் அந்தப் பிரிவில் மத்திய அரசின் முதல் கடிதத்துக்கு யாரும் பதில் போட்டதே கிடையாது. வேண்டுமென்றால் நினைவூட்டு வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். அவரும் அப்படித்தான் அந்தக் கடிதத்தைக் கோப்புக் கட்டுக்கு அடியில் செருகினார். நினைவூட்டு வரவில்லை. ஒப்பந்தம்தான் பேப்பரில் வந்தது.

சாயங்காலம் மச்சான் வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தான்.

"என்ன மாமா, பொண்ணு எடுத்த இடத்துக்கே ஆப்பு வச்சிட்டீங்க?"

"அவங்க விலை கம்மி மாப்ள."

"போன தடவையும்தான் எவனோ கம்மியாப் போட்டான்."

"அப்ப நம்ம விதி இருந்துச்சு. இப்ப மத்திய அரசு கையெழுத்துப் போட்டா நாமளும் கட்டுப்படணும்."

"எல்லா மாநிலமுமா?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "பக்கத்து மாநிலம் கட்டிலுக்கு விலக்கு வாங்கிடுச்சு."

"எப்படி வாங்கினான்?"

"கேட்டான்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி வாசலுக்கு வந்தாள். "நாம கேக்கலையா?"

"கெடு தாண்டிப்போச்சு."

"யாரு தாண்டவிட்டது?"

"ஆபீஸ்."

"ஆபீஸ்னா யாருங்க? நாற்காலியா, மேஜையா?"

அவர் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். மச்சான் அக்காவைப் பார்த்தான். பிறகு வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்து போனான்.

மறுநாள் அவர் மத்திய அரசுக்கு விலக்குக் கேட்டு எழுதினார். அந்த வாரமே பதில் வந்தது: எதிர்த்தரப்பு நாட்டின் சம்மதமில்லாமல் இனி விலக்குப் பட்டியலில் எதையும் சேர்க்க இயலாது.

ஜூன் மாதம் பட்டறை மூடப்பட்டது. எந்திரங்களைப் பழைய இரும்பு விலைக்கு எடைபோட்டு விற்றார்கள். மச்சானுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை.