நாலு விநாடி மௌனம்

பாட்டு எழுதியது அக்கா. பேர் வாங்கியது அவள் கணவர். அக்கா மாடிப்படியில் விழுந்து இறந்த அன்று அவர் வெளியூரில் இருந்தாராம், மறுநாள் காலையில்தான் வந்தாராம். அவளுடைய கடைசிப் பாட்டை நோட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டு அடுத்த வருடம் பாடினார். "மழை விட்டால்" என்று பாடி, நாலு விநாடி நிறுத்தி, "போய்விடுவேன்" என்று முடிப்பார். அந்த நிறுத்தத்தில் ஊரே உருகியது. விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். அவர்களுக்கு வெறும் வாயே போதும், இதில் அவல் வேறு கிடைத்தது.

தங்கை ஒலிப்பதிவுக் கூடத்தில் பழைய பதிவுகளைச் சுத்தம் செய்பவள். அக்காவின் சொந்தப் பதிவுகளையும் அவர் பாடியவற்றையும் சேர்த்து ஒரு தொகுப்பு போடப்போகிறார்கள். அதற்காகத்தான், நினைவாக எடுத்து வந்து பதினோரு வருடம் தொடவே மனம் வராமல் வைத்திருந்த அக்காவின் ரெக்கார்டரை இன்று காலை கூடத்தில் வைத்துத் திறந்தாள். உள்ளே ஒரு கேசட். கேட்டுப் பார்க்கும் முன்பே மகிழ்ச்சியில் அவருக்குப் போன் போட்டாள்.

"மாமா, அக்கா குரல் கிடைச்சிருக்கு!"

நுணலும் தன் வாயால் கெடும்.

போனை வைத்துவிட்டுக் கேசட்டை ஓடவிட்டாள். தேதியும் நேரமும் சொல்லிவிட்டுத்தான் அக்கா எதையும் பாடுவாள். இதிலும் சொன்னாள். இறந்த அதே நாள், மதியம் மூன்று மணி. பாட்டு தொடங்கியது. "மழை விட்டால்..." தாழ்ப்பாள் விலகும் சத்தம். யாரும் பேசவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "போய்விடுவேன்." அதோடு பதிவு நின்றது.

தொகுப்புக்காக வந்திருந்த அக்காவின் நோட்டைத் தங்கை புரட்டினாள். வரி ஒரே மூச்சாக ஓடியது. ஸ்வரக் குறிப்பிலும் இடைவெளி இல்லை. இந்தப் பதிவையும் அவர் பாடிய பதிவையும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தாள். இரண்டிலும் அதே இடத்தில் அதே நாலு விநாடி. அவருக்கு அந்தப் பாட்டு அப்படித்தான் தெரியும். கதவைத் திறந்துகொண்டு வந்து நின்று கேட்டவருக்கு வேறு எப்படித் தெரியும்?

கேசட்டை எடுத்து இடுப்பில் செருகி, திரையை அணைத்தாள். அதற்குள் அவர் வந்துவிட்டார். வாயெல்லாம் பல்.

"எங்கேம்மா, போடு, கேப்போம்."

"ஏமாந்துட்டேன் மாமா. பூஞ்சை புடிச்சுப்போச்சு. ஒண்ணுமே கேக்கல."

"அடடா." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "போனா போகுது. நமக்குத்தான் பாட்டு மனப்பாடமாச்சே."

கண்ணை மூடாமல், அவளைப் பார்த்தபடியே மெல்லப் பாடினார்.

"மழை விட்டால்..."

நிறுத்தினார். ஒன்று, இரண்டு. அவள் எவ்வளவோ அடக்கிப் பார்த்தாள். கண்கள் தாமாகவே கதவுப் பக்கம் போயின.

அவர் அந்த வரியை முடிக்கவில்லை. எழுந்து போய், எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காத அந்தக் கனத்த கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.