நனைந்து வந்தவர்கள்

அந்தச் சொகுசுக் கப்பல் பாறையில் மோதுவதற்குச் சில வருடங்கள் முன்பே, அதில் சாகப்போகிறவர்கள் நுவாலிக் என்ற சின்ன ஊருக்கு வந்து காபி குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் வந்தது எமிலியாவின் மூத்த மகன் பள்ளிக்கூடம் சேர்ந்த அன்று. நல்ல நாள் என்றால் கிரீன்லாந்தில் வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிடுவார்கள். ஊரே வந்து, வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, காபியும் கேக்கும் உலர்ந்த மீனும் சாப்பிட்டுவிட்டு, அடுத்தவருக்கு இடம் விட்டு எழுந்து போகும். இவர்கள் எழுந்திருக்கவில்லை. முடியிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டச் சொட்ட, சோபா நெடுக உட்கார்ந்து இன்னொரு கப் கேட்டார்கள். விருந்துக்கு வந்தவரைப் போ என்று சொல்லும் வழக்கம் நுவாலிக்கில் கிடையாது. "யாரு அக்கா இவங்க? எம் புது விரிப்பு பாழாப்போச்சு," என்று எமிலியா சமையலறையில் முணுமுணுத்தாள். "கப்பல்காரங்க. இன்னும் வராத கப்பல். நீ காபியைப் போடு, குளிர்ல நடுங்குறாங்க," என்றாள் அவளுடைய அக்காள் பிபாலுக்.

பிபாலுக்குக்கு அது தெரிந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. பனி மிதக்கும் கடலில் எந்தக் கப்பலுக்கு என்ன ஆபத்து என்று கணித்துச் சொல்வதுதான் அவள் உத்தியோகம். வந்தவர்களின் மிதவைச் சட்டையில் எழுதியிருந்த 'சில்வியானா' என்ற பெயர் அவள் மேசையில் கிடந்த மனுவிலும் இருந்தது. ஊருக்கு வடக்கே உள்ள குறுகலான கடல் வழியில் அந்தக் கப்பல் போகலாமா என்பது கேள்வி. பனி எந்தப் பக்கம் நகரும், பனிமூட்டம் எப்போது இறங்கும், வரைபடத்தில் ஏறாத பாறை எங்கே இருக்கும் என்றெல்லாம் பார்க்க வேண்டும். ஆனால் அவளைக் கேட்டால், கப்பல் முழுகுவது பாதிக் கதைதான். முழுகினால் யார் வந்து தூக்குவது என்பதுதான் மீதி என்பாள். ஹெலிகாப்டர் வந்து சேருவதற்குள் தண்ணீரில் விழுந்தவன் கட்டையாகிவிடுவான். நுவாலிக்கில் உள்ள அத்தனை கட்டிலையும் கூட்டிப்போட்டாலும் கப்பலின் ஒரு மாடிக்குக் காணாது.

வேண்டாம் என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினாள். தலைநகரிலிருந்து அதிகாரி க்னுத் போனில் வந்தார். "கப்பல் வரப்போறது வரப்போறதுதான், பிபாலுக். அதை நீங்களும் தடுக்க முடியாது, நானும் தடுக்க முடியாது. ஆபத்தை எவ்வளவு குறைக்கலாம், அதைச் சொல்லுங்க." சோபாவில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது? 

குறைக்க ஆரம்பித்தாள். கப்பல் மெதுவாகத்தான் போக வேண்டும் என்று எழுதினாள்; அடுத்த விருந்தில் சுவரோரமாக நின்றிருந்தவர்கள் வரவில்லை. குளிர் ஏறாத முழு உடை எல்லோருக்கும் வேண்டும் என்றாள், வயதானவர்களைக் காணோம். துணைக்கு இன்னொரு கப்பல் பின்னாலேயே வர வேண்டும் என்றதும் சோபா காலியானது. பனிமூட்டத்தில் அந்த வழிப்பக்கமே தலைவைக்கக் கூடாது என்று எழுதிய பிறகு குழந்தைகளும் வருவதை நிறுத்திவிட்டார்கள். "அப்பாடா, இப்பத்தான் நம்ம ஆளுங்க உட்கார இடம் கிடைச்சுது," என்றாள் எமிலியா. அன்றைக்கு ஒரே ஒருவன்தான் ஈரத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். பிபாலுக் கப்பை நீட்டினாள். நிமிர்ந்து பார்த்தவன் அவள் புருஷன் உயாராக். அதே உயாராக் அந்த நேரத்தில் சமையலறையில் சத்தமாகச் சிரித்துக்கொண்டு கேக் வெட்டிக்கொண்டிருந்தான்.

உயாராக், கப்பலில் ஏறிப் பனிக்கு நடுவே வழி சொல்லும் பைலட். அந்தக் குறுகல் வழி அவனுக்கு வீட்டு முற்றம் மாதிரி. சில்வியானாவுக்கும் அவனைத்தான் குறித்திருந்தார்கள். பிபாலுக் அவன் பெயரை அடித்துவிட்டுத் தலைநகர் ஆள் ஒருவனின் பெயரை எழுதினாள். அடுத்த விருந்தில் கூட்டம் படிக்கட்டு வரை நின்றது. ஊர்க்காரர்கள் தெருவில் நின்றே காபி குடித்தார்கள். ஒரு சின்னப் பெண் நேரே வந்து பிபாலுக்கின் மடியில் ஏறி உட்கார்ந்தாள். குளிர் தொடை வரைக்கும் இறங்கியது. மடியை விட்டு இறங்காமலே அந்தப் பெண் கேக் கேட்டுச் சாப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்த பிபாலுக் கதறி அழுதாள். உயாராக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பூட்ஸுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியும்டி. ஜன்னலோரம் இருந்தானே, அவன்கிட்ட பேசினேன். முட்டிவலி போயிடுச்சாம், குடுத்துவெச்சவன்."

"விளையாடாதே."

"என் பேரை எடுத்துட்டேன்னு சொன்னியே, அதுக்கப்புறம் உன் மடியில ஏறின பொண்ணுக்கு என்ன வயசிருக்கும்?"

"அஞ்சு. கூட இருந்தா ஆறு."

அவன் மெழுகு டப்பாவை மூடினான். "என் பேரையே போட்டுடு, பிபா."

"உன் தலையில மண்ணள்ளிப் போட நான்தான் கிடைச்சேனா?"

"வேற யாரு போட்டாலும் எனக்குப் பிடிக்காது."

இரண்டு வாரம் அவள் அவனோடு பேசவில்லை. அப்புறம் பெயரைப் போட்டாள்.

சூரியன் மறையாத மாதத்தில் சில்வியானா வந்தது. வரும்போது வானம் கண்ணாடி போல இருந்தது. குறுகலுக்குள் நுழைந்த பிறகு மூட்டம் இறங்கியது, பனி திரண்டு வந்து கப்பலை ஒரு பக்கமாகத் தள்ளியது, யாரும் அறியாத பாறை ஒன்று அடிவயிற்றைக் கிழித்தது. உயாராக் கப்பலைத் திருப்பி மணல் திட்டில் ஏற்றி, எல்லோரும் இறங்கும்வரை அதை அங்கேயே பிடித்து நிறுத்தினான். கடைசிப் படகு விலகியதும் கப்பல் சரிந்தது. துணைக்கு வந்த கப்பல் அத்தனை பேரையும் ஊரில் இறக்கியது. நனையாத சட்டையோடு அவர்கள் வீடு வீடாக வந்து உட்கார்ந்தார்கள். ஒருவருக்கும் அந்த வீடுகள் ஞாபகமில்லை. கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். உயாராக்கின் உடல் கிடைக்கவில்லை.

பிபாலுக் அழவில்லை என்று ஊர் பேசியது. அவள் ஒரு விருந்துக்காகக் காத்திருந்தாள். ஈரத்தோடாவது வருவான் என்று நம்பினாள். அவன் பிறந்தநாளுக்குத் தன் வீட்டுக் கதவைத் திறந்து போட்டாள். ஜன்னலோர நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லை. ஊர் வந்தது, தின்றது, போனது. அவன் வரவில்லை. நடக்கப்போவதற்குத்தான் அவர்கள் வருவார்கள், நடந்து முடிந்ததற்கு வருவதில்லை என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. "பாவி, ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போயேண்டா," என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த வருடம் எமிலியாவின் இரண்டாவது மகன் பள்ளிக்கூடம் சேர்ந்தான். மத்தியானம் கதவு திறந்து ஈரமாக ஒரு கும்பல் உள்ளே வந்தது. பிபாலுக் ஒவ்வொரு முகமாக, தலைமுடியை விலக்கிக்கூடப் பார்த்தாள். எல்லாம் தெரியாத முகங்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு துண்டு எடுத்துக் கொடுத்தாள். ஒருவனுடைய மிதவைச் சட்டையில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, க்னுத்துக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"அந்தப் பேர்ல எந்தக் கப்பலும் மனு போடலியே?"

"போடும்," என்ற பிபாலுக், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அடுத்த கப்பை ஊற்றினாள்.