எட்டு நூல் பலகை, ஆறு நூல் பிளேடு

1

இந்தக் கதை பிறந்தது பெருமையில். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் ஆட்கள் காத்திருக்கும் கூடத்தில் கிடக்கிற பெஞ்சுகளைச் செய்தது என் நாத்தனார். அறுக்கும்போது எதிர்ப்பக்கம் நின்று பலகையை வாங்கிப் பிடித்தது நான். சுமை தூக்கிக் காய்த்த கை இது. இதற்கு எழுத்து வந்ததே நாற்பது தாண்டித்தான்.

முதல் வரியை இப்படி எழுதிப் பார்த்தேன்: “மரத்தூளின் மணம் கமழும் அந்தப் பட்டறையில்—”

மரத்தூள் கமழாது. மூக்கை அடைக்கும். அடித்துவிட்டேன்.

2

நாத்தனாரை டேப்பு என்றே எழுதுகிறேன். அளவு டேப்பு எப்போதும் கழுத்தில் தொங்குவதால் எல்லாரும் வைத்த பெயர்.

அவளுடைய மிஷின் ஒன்றே அறுக்கும், கடையும், துளையும் போடும். அதன் பழைய மாடல் மோட்டார் செத்து மூலையில் கிடந்தது. வேலையெல்லாம் புதிய மாடலில். பெஞ்சுகள்தான் அவள் பெயரில் வந்த முதல் ஆர்டர். பாதி முடிந்திருந்தபோது, அடுக்கியிருந்த மரம் சரிந்து விழுந்து புதியதில் பலகையை வைத்துத் தள்ளும் மேசை பிளந்துவிட்டது. வேறு மேசை வர ஒரு மாதம். ஆஸ்பத்திரிக்காரர்கள் தந்தது ஒரு வாரம். தவறினால் மீதி வேலை வேறு பட்டறைக்குப் போய்விடும்.

“பழைய மேசைய இதுல மாட்டுனா என்ன?” என்றேன்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். “ரெண்டும் ஒரே கம்பெனிதான். மாமியாரும் மருமகளும்கூட ஒரே வீடுதான். ஒத்துப்போகுதா?”

(இவரை முதலில் வில்லனாக எழுதினேன். அவ்வளவு திறமை இவருக்கு இல்லை. மேசையைத் தூக்கி வந்து மாட்டியவரும் இவர்தான்.)

3

டேப்பு அளந்தாள், நான் எழுதினேன். (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு எங்களுக்கு ஒரு நூல்.) மிஷினில் செருகும் மேசைக் கால்களின் கனம் இரண்டு மாடலிலும் ஒன்றே. அகலத்தில் பழையது குறைவு. அந்தக் குறைக்கு நான் பலகையைத் தாங்கி நின்றுகொள்ளலாம். சிக்கல் ஆர்பரில், அதாவது பிளேடு மாட்டும் தண்டில். பழையதில் ஐந்து நூல், புதியதில் பத்து. தண்டு பருத்ததால் வாஷரும் பெரிது. பழைய மேசையை இறக்கினால் அதன் அடி வாஷரில் முட்டியது. பிளேடு ஆறு நூல்தான் தலை காட்டியது. பலகையோ எட்டு நூல் கனம்.

“முடிஞ்சுது அண்ணி.” அவள் டேப்பைக் கழற்றி வைத்துவிட்டாள். அந்தக் கழுத்தை வெறுமையாக நான் பார்த்ததே இல்லை.

[இங்கே நான் பெரிய ஞானியாகப் பேசியது போல ஒரு பத்தி இருந்தது. பொய். எடுத்துவிட்டேன். பேசியது இதுதான்:]

“ரொட்டிய ரெண்டு பக்கமும் சுடலையா? பலகையையும் ரெண்டு பக்கமும் அறுடி.”

4

முதல் பலகையை, பிளேடுக்கு இணையாக நிற்கும் தடுப்புக் கட்டையில் ஒட்டித் தள்ளிக் கீழிருந்து பாதி அறுத்து, பக்கவாட்டில் புரட்டி மறுபாதி அறுத்தோம். வெட்டுகள் சந்திக்கவே இல்லை. விளிம்பு படிக்கட்டு மாதிரி நின்றது.

“நோயாளிங்க ஏறி உக்காரட்டும்,” என்றார் வீட்டுக்காரர்.

“அண்ணா, வெளிய போறியா?” டேப்பு படிக்கட்டையே முறைத்தாள். பிறகு என்னை. “நாமதான் அண்ணி மக்கு. மொதல்ல தடுப்புக் கட்டையில எந்த விளிம்பு ஒட்டி ஓடுச்சோ, அதேதான் திரும்பவும் ஒட்டி ஓடணும். பக்கவாட்டுல இல்ல, முனைக்கு முனை புரட்டு!”

புரட்டினோம். இரண்டு வெட்டும் நடுவில் சந்தித்தன. பலகை பிரிந்து என் கைக்கு வந்தது.

“பாத்துட்டே நிக்காத. அடுத்தத எடு,” என்றாள்.

5

முடிவு ஒன்று: ஆஸ்பத்திரி அதிகாரி கை குலுக்கிப் பாராட்டினார். இல்லை, எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

முடிவு இரண்டு: நாங்கள் கட்டிப்பிடித்து அழுதோம். தும்மினோம், அவ்வளவுதான்.

மூன்றாவதை நீங்கள் எழுதுங்கள். உங்கள் நம்பரைக் கூப்பிடும்வரை பெஞ்சின் விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டிருங்கள். பாதிப் பெஞ்சுகள் ஒரே வெட்டு, பாதி இரண்டு வெட்டு. எது எதுவென்று கண்டுபிடித்தால் எழுதிவிடுங்கள்.

நானும் அவளும் போய் ஓட்டிப் பார்த்தோம். அறுத்த எங்களுக்கே தெரியவில்லை.