இரண்டாவது சாட்சி

வக்கீலம்மா உயிலை மூன்று முறை படித்தார். முதல் முறை மளமளவென்று, இரண்டாம் முறை வரிக்கு வரி விரலை வைத்து, மூன்றாம் முறை கடைசிப் பக்கத்தை மட்டும். எதிரே அக்காவும் தம்பியும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

உயில் அவர்களுடைய அத்தை எழுதியது. அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாதவர். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று வாரத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். துணி அலமாரியில் போர்வைக்கு அடியில் கிடைத்த உயிலில் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது: வீடு இருவருக்கும் சரிபாதி.

சண்டை சச்சரவு இல்லாத விஷயம், நேராகப் போய்ப் பெயர் மாற்றிக்கொண்டால் என்ன என்று தம்பி கேட்டான். வக்கீலம்மா பொறுமையாக விளக்கினார். உயில் உண்மையானதுதான் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டு உத்தரவு தரவேண்டும். புரொபேட் என்பது அதுதான். அதற்கு மனுப் போட வேண்டும். அத்தை கையெழுத்துப் போட்டதைப் பார்த்த சாட்சிகளில் ஒருவராவது வந்து, ஆமாம், என் கண் முன்னால்தான் போட்டார் என்று சொல்ல வேண்டும்.

சாட்சிகள் இரண்டு பேர். முதலாமவர் அத்தையின் பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார். போன வருடமே காலமாகிவிட்டார். இரண்டாவது கையெழுத்து சுருள் கம்பியை இழுத்துவிட்ட மாதிரி இருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு முகவரி. வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் பார்த்துத் தோற்றுப்போனார்.

அக்காவுக்கு மருந்துக்கடையில் வேலை. பன்னிரண்டு வருடமாக டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துத்தான் அவள் வயிறு வளர்க்கிறாள். காகிதத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள்.

"தையல் கடை மாடி, மூணாவது குறுக்குத் தெரு," என்றாள். "கதவு எண் எட்டு. இல்லன்னா மூணு."

தையல் கடைக்காரரிடம் அத்தைக்கு என்ன வேலை? அத்தை ஆயத்த ஆடைதான் வாங்குவார். யாரென்றே தெரியாத ஆளைக் கூப்பிட்டு உயிலில் கையெழுத்து வாங்கியிருக்கிறார் என்பது அக்காவின் மண்டையைக் குடைந்தது. தம்பிக்கு இதில் ஆர்வமே இல்லை. அவனுக்கு அத்தை மேல் பழைய வருத்தம். மூன்று வருடத்துக்கு முன் மகள் பிறந்த அன்று ஒன்பது முறை போன் செய்தான். எடுக்கவில்லை. மறுநாள் 'வாழ்த்துகள்' என்று ஒற்றை வார்த்தையில் ஒரு குறுஞ்செய்தி. அதோடு அவன் பேச்சை நிறுத்திக்கொண்டான். நேரில் போனாலும் அத்தை யாரையும் வாயைத் திறக்க விடமாட்டார். உட்கார்ந்ததில் இருந்து கிளம்பும்வரை அவரே பேசித் தீர்ப்பார். வயசாக வயசாகத் தலைக்கனம் ஏறிவிட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அக்கா மட்டும் போனாள். கதவு எண் எட்டுதான். தையல் கடையின் பக்கவாட்டில் குறுகலான படி. மேலே போய் அழைப்பு மணியை அழுத்தினாள். மணிச் சத்தம் கேட்கவில்லை. மணி கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி அழுத்தியபோது கதவின் மேல் இருந்த கண்ணாடி வழியாக உள்ளே ஒரு விளக்கு அணைந்து அணைந்து எரிவது தெரிந்தது.

கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பையில் சின்ன நோட்டும் பேனாவும். அவர் பின்னால் வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் எட்டுப் பேர். ஒருவர்கூட வாயால் பேசவில்லை. கைகள் மட்டும் பறந்துகொண்டிருந்தன. நடுவில் ஒருத்தர் ஏதோ வேடிக்கையாகச் சொல்லியிருக்க வேண்டும், நாலைந்து பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குச் சத்தம் இருந்ததுதான் அவளை அதிரவைத்தது.

அது சைகை மொழி வகுப்பு. கதவைத் திறந்தவர் அதன் ஆசிரியர். பிறவியிலேயே காது கேட்காதவர்.

அவள் அத்தையின் புகைப்படத்தைக் காட்டினாள். ஆசிரியர் வலது கையால் எதையோ பிடுங்கி வேறு ஒரு துளையில் செருகுவது போலக் காட்டினார். அறையில் இருந்த எல்லோரும் திரும்பி அதையே செய்தார்கள். பிறகு அவர் நோட்டில் எழுதினார்: அதுதான் இங்கே அவருக்குப் பெயர். ஒயரைப் பிடுங்கிச் செருகி இணைப்புக் கொடுத்தவர் இல்லையா? ஏன் ஒரு மாதமாக வரவில்லை?

அவள் எழுதிக் காட்டினாள். அவர் அதைப் படித்துவிட்டு அவளை உள்ளே அழைத்துப்போய் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்.

மீதியை அவர் ஆறு பக்கம் எழுதினார். நாலு வருடத்துக்கு முன்பே அத்தைக்குக் காது மந்தமாகத் தொடங்கிவிட்டது. கருவி வைத்துப் பார்த்தார். அது இரைச்சலைக் கூட்டியதே தவிர வார்த்தை விளங்கவில்லை. ஒருநாள் தானாக இந்தப் படியேறி வந்தார். வகுப்பிலேயே மக்கு மாணவி அவர்தான், கையை அசைக்கும்போது வாயும் சும்மா இருக்காது. ஒரு வருடத்தில் தேறிவிட்டார். பிறகு, இங்கே வருபவர்களுக்கு அலுவலகங்களுக்குப் போடும் மனுக்களை எழுதிக் கொடுப்பது அவர் வேலையாகிவிட்டது. உயிலோடு வந்த அன்று கணக்கு வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த ஜன்னல் பக்கத்து மேசையில்தான் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஏன் எங்களிடம் சொல்லவில்லை, என்று அக்கா எழுதினாள்.

நானும் கேட்டேன், என்று அவர் பதில் எழுதினார். சொன்னால் எல்லோரும் காதுகிட்ட வந்து கத்துவார்கள், அப்புறம் கத்துவதற்கும் அலுத்துப்போய்ப் பேச்சையே விட்டுவிடுவார்கள் என்றார்.

அவர் சாட்சி சொல்ல உடனே சம்மதித்தார். வக்கீலம்மா மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்தார். பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடும் நாளில் தம்பியும் வந்தான். நீதிமன்ற எழுத்தர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, காது கேட்காதவர் சாட்சியாக இருக்கலாமா என்று இழுத்தார்.

வக்கீலம்மா குரலை உயர்த்தவில்லை. "கையெழுத்துப் போட்டதைக் கண்ணால பாத்திருக்கணும். சட்டம் அதைத்தான் கேக்குது. இவர் பாத்திருக்கார்."

எழுத்தர் முத்திரையை எடுத்தார்.

வேலை முடிந்து எல்லோரும் தாழ்வாரத்தில் நின்றிருந்தபோது தம்பி மொழிபெயர்ப்பாளர் பக்கம் நகர்ந்தான். இடது புருவத்தைச் சொறிந்துகொண்டான். பேச்சு வராதபோது அவன் அப்படித்தான் செய்வான்.

"என்னைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காங்களான்னு கேளுங்க."

மொழிபெயர்ப்பாளர் கையைத் தூக்குவதற்குள்ளேயே ஆசிரியர் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டார். ஒரு விரலால் தன் இடது புருவத்தைச் சொறிவது போல இரண்டு முறை காட்டினார். தொடர்ந்து கைகள் வேகமாக ஓடின.

"அத்தை உங்களுக்கு வச்ச பேரு அதுதானாம்," என்றார் மொழிபெயர்ப்பாளர். "வாரத்துக்கு ஒரு தடவையாவது உங்க பேரு வந்துடுமாம். உங்க பொண்ணு படத்தை எல்லார்கிட்டயும் காட்டியிருக்காங்க."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பேருந்தில் தம்பி, "ஒன்பது தடவை மணி அடிச்சிருக்கு, அக்கா," என்று ஒரு முறை சொன்னான்.

உத்தரவு வர ஐந்து மாதம் ஆனது. சிவப்பு முத்திரை வைத்த காகிதத்தை வாங்கிக்கொண்டு இருவரும் நேராக அத்தை வீட்டுக்குப் போனார்கள். வீட்டை விற்பதா, தம்பி குடும்பத்தோடு வந்துவிடுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. அக்கா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தம்பி சமையலறைக்குள் போய் அடுப்பு முன்னால் நின்றான்.

அடுப்புக்கு மேலே, கண் மட்டத்தில், ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி கொஞ்சம் சாய்வாக மாட்டியிருந்தது. சாவு நடந்த வாரத்தில் ஏகப்பட்ட பேர் அந்தச் சமையலறையில் புழங்கியிருந்தும் யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை. இப்போது தம்பி அதற்குள் பார்த்தான். கூடமும் வாசலும் அதில் அப்படியே தெரிந்தன.

"அக்கா, உள்ள வா," என்றான். "மெதுவா நடந்து வா. சத்தம் போடாம."

அவள் வந்தாள். அவன் திரும்பவில்லை. கண்ணாடியிலேயே அவள் கூடத்தைத் தாண்டி நெருங்கி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.